குயினைன் சீசாவில் வந்த மணல்

அந்தச் சீசா இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. குயினைன் மருந்து வந்த சீசா. ஒரு விரல் நீளம், கழுத்தில் மெல்லிய விரிசல். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்ததைக் கொட்டித் தீர்த்தவள் நான்தான் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊருக்கு ரயில் தடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மா வாந்திபேதியில் இறந்திருந்தாள். அப்பா கொத்தனார், பொன் சுரங்கத்தில் இயந்திரங்கள் நிற்க மேடை கட்டியவர். அம்மா போன நான்காம் மாதம், மேற்குக் கடலில் ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டார். என்னை அம்மாவின் தம்பி வீட்டில் விட்டுப் போனார். ஒரே அறை, மூங்கில் தட்டிச் சுவர். அதில் மாமா, அத்தை, அவர்களுடைய கைக்குழந்தை. அத்தை என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. என்னோடு அதிகம் பேசியதும் இல்லை.

அப்பா திரும்பி வரமாட்டார் என்பது எங்கள் லைனில் (சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளில்) முடிவாகிவிட்ட விஷயம். தண்ணீர்த் தொட்டியருகே பெண்கள் அதை என் காதுபடவே பேசுவார்கள். அப்பா நன்றாகக் கதை சொல்வார்; சுரங்கத்துக்குள் இரண்டு வால் பல்லியைப் பார்த்ததாக ஒரு முறை சத்தியம் செய்தவர். ஆகையால் அவர் சொன்ன ‘தீவு’ என்பதையே பாதிப்பேர் நம்பவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு கடிதமும் இந்தச் சீசா நிறைய மணலும் வந்தன. எங்கள் வரிசையில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. வாசலில் நின்று உரக்கப் படித்தேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

இங்கே மலை இல்லை, ஆறு இல்லை, ஒரு கருங்கல்கூட இல்லை, ஆனாலும் கரை முழுக்க மணல் என்று அப்பா எழுதியிருந்தார். அந்த மணல் அத்தனையும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததாம். கடலுக்குள் பவளப் பூச்சிகள் கட்டிய பாறை தீவைச் சுற்றி மதில்போல நிற்கிறது. அலை அதை உடைக்கிறது. கிளிமூக்கு உள்ள ஒரு மீன் அதைக் கடித்துத் தின்கிறது. தின்றது மாவாக வெளியே வருகிறது. சிப்பியும் நத்தையும் ஊசிமுனை அளவு நட்சத்திர ஓடுகளும் செத்த பிறகு அலையில் தேய்ந்து அதோடு கலக்கின்றன. பெருங்காற்றில் பவளத் துண்டுகள் வரப்புபோலக் கரையில் குவியும். வரப்புக்குப் பின்னால் மணல் தங்கும். அப்படித் தங்கிய மேட்டின்மேல்தான் தென்னையும் வீடுகளும். சுவருக்கு வேண்டிய சுண்ணாம்புக்கும் அந்தப் பவளத்தைத்தான் சுடுகிறார்கள். மழைக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குக் கரை மணல் கிழக்கே போய்விடும். காற்று திரும்பினால் மணலும் திரும்பும். ‘அது திரும்பி வந்ததும் நானும் கிளம்புவேன். சீசாவில் எத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று எண்ணி எழுது’ என்று முடித்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி முதலில் சிரித்தாள். “மீனு பேண்டா மணலாவுமா? அப்போ நம்ப ஏரி இந்நேரம் மேடாயிருக்கணுமே.”

“மணலு நடந்து போவுதாம், நடந்து வருதாம். இவன்தான் வரமாட்டேன்றான்,” என்றார் அவள் புருஷன்.

அத்தைகூடச் சிரித்துவிட்டாள். எங்களுக்கு மணல் என்றால் மில்லில் இடிபடுவது. இரவும் பகலும் இரும்பு உலக்கைகள் கல்லை இடிக்கும். பொன்னை எடுத்துக்கொண்டு சாம்பல் நிற மணலை வெளியே தள்ளும். காற்றடித்தால் அது எங்கள் சோற்றில் விழும். மணலை மீன் செய்யும் என்று யார் நம்புவார்கள்?

நான் நம்பினேன். பள்ளி விட்டு வந்ததும் தினமும் சீசா மணலைச் சிலேட்டில் பரப்பித் துடைப்பக் குச்சியால் பிரிப்பேன். வெள்ளைத் துணுக்கு, இளஞ்சிவப்புத் துணுக்கு, துளையுள்ள குழாய், முழு நத்தை, நட்சத்திரம். நட்சத்திரங்கள் பதினேழு. அவற்றை மட்டும் தனிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். பதில் எழுத மாமா தபால் கார்டு வாங்கி வரவேண்டும், அதற்குத்தான் காத்திருந்தேன்.

மாமாவுக்குப் பொன் சோதிக்கும் அறையில் எடுபிடி வேலை. இடித்த கல்லை அலசி, அடியில் மினுங்குவதில் திராவகம் ஊற்றுவார்கள். பொன்போல மினுங்கும் போலி கரைந்துபோகும். பொன்னும் கல்மணலும் அப்படியே நிற்கும். எங்கள் ஊரில் எதையும் சோதிக்க அதற்குமேல் ஒரு வழி இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா கார்டோடு கொஞ்சம் திராவகமும் பீங்கான் கிண்ணமும் கொண்டுவந்தார்.

“நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. ஊத்திப் பாத்துடலாம் பாப்பா. நெசமான சரக்குன்னா நிக்கும். பொன்னு கின்னு இருந்துச்சின்னா உங்கப்பன் அங்கியே ராஜா.”

மறுபடி எல்லோரும் கூடினார்கள். நானே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். மாமா ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கியபோது கிண்ணத்தில் தண்ணீர்போல ஏதோ இருந்தது. மணல் இல்லை.

“இன்னாது இது,” என்றார் மாமா. வாசலில் கிடந்த மில்லு மணலில் ஒரு சிட்டிகை போட்டு ஊற்றினார். அது அசையாமல் கிடந்தது.

“அதான் மணலு,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “அவன் ஏதோ மாவைக் கட்டி அனுப்பிக்கிறான்.”

“இன்னும் ஊத்துங்க மாமா,” என்றேன். ஒரு சிட்டிகையாவது நிற்கும் என்று நினைத்தேன். சிவப்பைப் போட்டேன், குழாய்களைப் போட்டேன், நத்தைகளைப் போட்டேன். மாமாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. “போதும், உட்டுடும்மா. உங்கப்பன யார்னா ஏமாத்தியிருப்பாங்க,” என்றார்.

“அவனா ஏமாறுவான்?” என்று யாரோ சொன்னார்கள்.

காகிதத்தைப் பிரித்துப் பதினேழு நட்சத்திரங்களையும் கொட்டினேன். அவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் போய்விட்டன.

அன்று மாலையே கார்டு எழுதினேன். ‘நீங்கள் அனுப்பியது மணல் இல்லை. திராவகத்தில் கரைந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். இனிமேல் கதை எழுத வேண்டாம்.’ மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. நல்லபடியாக எழுதியிருப்பேன் என்று நம்பித் தபாலில் சேர்த்தார்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி. நலம், வேலை முடியவில்லை, நன்றாகப் படிக்கவும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் அப்பா வந்தார். பக்கத்து வீட்டுக்காரி அவரைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அவர் மறுபடி மேடை கட்டப் போனார். நாங்கள் இருவரும் தனி வீட்டில் இருந்தோம். அரிசி தீர்ந்தது, தண்ணீர் வந்தது என்பதைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. இரண்டு வால் பல்லியைக்கூட அவர் மறுபடி சொன்னதில்லை. பொய் வெளிப்பட்டவர் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருபது வயதானபோது அவர் இறந்தார்.

பிறகு நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியையானேன். ஒரு நாள் பாடப் புத்தகத்தில் சொன்னபடி முட்டை ஓட்டின்மேல் திராவகம் ஊற்றிக் காட்டினேன். அதே புஸ். அதே நுரை. முட்டை ஓடு, சிப்பி, பவளம் எல்லாம் சுண்ணாம்பின் இனம், திராவகத்தில் கரையும் என்று அடுத்த வரியில் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து பழைய கடிதத்தை எடுத்தேன். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதாக அப்பா தெளிவாக எழுதியிருந்தார். அதை அன்று வாசலில் உரக்கப் படித்தவளும் நான்தான்.

கருங்கல்லே இல்லாத கரையின் மணலில் என்ன மிஞ்சும்? அன்று கிண்ணத்தில் ஒரு மணல்மணி நின்றிருந்தால்தான் அவர் எழுதியது பொய். அது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

அவர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பதினேழு என்று நான் எழுதவே இல்லை.