ரேஞ்சருக்கு ஒரு சரவெடி

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு என் தாய்மாமனால்தான் தெரியும். அப்பா லாரியில் வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர மாதமாகும். அம்மா வாரத்தில் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள்; ஏழாம் நாள் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். எனக்கு ஒன்பது வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கழுத்தில் கிடக்கும் சாவியால் நானே கதவைத் திறந்து, யாரும் இல்லாத வீட்டுக்குள் "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வேன். பதில் வராது என்று தெரிந்தும் சொல்வேன்.

மாமா அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. வண்டியையே கட்டிக்கொண்டான் என்று அம்மா திட்டுவாள். மாமாவும் கூட்டாளிகள் மூன்று பேரும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய பைக்குகளின் மட்கார்டைக் கழற்றிப் பெரிய பல் வைத்த டயர் மாட்டியிருந்தார்கள். ஞாயிறு காலையில் மேற்கே மலையடிவாரத்துக்குப் போவார்கள். அங்கே காப்புக்காட்டின் ஓரத்தில், என்றைக்கோ மரம் இழுத்த வண்டிப்பாதை ஒன்று, கல்லும் பள்ளமுமாக ஓடை வரை போகும். வாரம் முழுக்க பிளேடுக்குப் பயந்து கையை வைத்து எடுக்கிற மாமா, அந்தப் பாதையில் மட்டும் வாய்விட்டுக் கத்துவார்.

என்னையும் கூட்டிப்போவார். ஆனால் பாதை தொடங்குகிற வேப்பமரம் வரைக்கும்தான்.

"அங்கன உக்காரு பாப்பா. தண்ணிக் கேனப் பாத்துக்க."

கேனை எந்தத் திருடனும் தூக்க வரவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வீட்டில் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்த வருஷம் வனத்துறை அந்தப் பாதையைக் குழி வெட்டி அடைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. வெளியூர்க்காரர்கள் சிலர் ஓடையைத் தாண்டி உள்காட்டுக்கே வண்டியை விட்டு விலங்குகளை விரட்டியிருந்தார்கள். மாமாவின் கூட்டம் மனு எழுதியது. ஞாயிறு மட்டும் ஓட்டுகிறோம், ஓடையைத் தாண்ட மாட்டோம், பாதையை நாங்களே பராமரிக்கிறோம். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் ரேஞ்சர்.

பராமரிக்கப் பணம் வேண்டுமே. மாரியம்மன் பொங்கலுக்கு வரி போடுகிற மாதிரி, பைக் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் வரி கேட்டார்கள்.

"ஊருக்குள்ள நடக்க ரோட்டக் காணோம், இவுக காட்டுக்கு வரி கேக்குறாக" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கொடுக்கவும் செய்தார்கள். எங்கள் ஊரில் வரி என்றால் எதற்கு என்று கேட்பதற்குள் கை சட்டைப்பைக்குப் போய்விடும்.

மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல் இருக்கக் குழாய் வாங்கிப் பதித்தார்கள். இரண்டு மாதம் ஒரு ஞாயிறுகூட யாரும் வண்டி ஓட்டவில்லை. கல் சுமந்தார்கள், பாட்டில் பொறுக்கினார்கள். அனுமதி கிடைத்தால் முதல் வாரமே என்னை வண்டியின் முன்னால் உட்காரவைத்து ஓடை வரை கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். நான் பார்க்காத அந்த ஓடையைப் பற்றி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தியும் நம்பவில்லை.

ரேஞ்சர் வந்தது மாசி மாதத்து ஞாயிறு. நால்வரும் மேலே ஆளுக்கொரு பக்கமாகக் கடைசி வேலையில் இருந்தார்கள்; மாமாதான் எல்லோருக்கும் கீழே, எனக்குப் பக்கத்தில். நான் வேப்பமரத்தடியில் தனியாக இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் வெடிதான். மாப்பிள்ளை வந்தாலும் மந்திரி வந்தாலும், சாமி புறப்பட்டாலும் பிணம் புறப்பட்டாலும் வெடி. வெடி போடாவிட்டால் வந்தவரை "வாங்க" என்று சொல்லாத மாதிரி. இவ்வளவு செய்தவர்கள் இதை மறந்துவிட்டார்களே என்று, அம்மாவுக்குக் கம்பெனியில் கொடுத்த தீபாவளிப் பெட்டியில் மிச்சமிருந்த சரத்தை நான்தான் பொறுப்பாக எடுத்து வந்திருந்தேன். ஜீப்பின் புழுதி தெரிந்ததும் பாதையோரம் நீளமாகப் போட்டுத் திரியில் நெருப்பு வைத்தேன்.

மயில்கள் அலறின. எதுவோ புதரை முறித்துக்கொண்டு ஓடியது. காய்ந்த புல் பற்றிக்கொண்டது. முதலில் ஓடிவந்தவர் மாமா. கேனைக் கவிழ்த்தார், சட்டையைக் கழற்றி அடித்தார். ஜீப்பில் வந்த காவலர்கள் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தார்கள். ஒரு பாய் விரிக்கிற அளவு கருகி, தீ அணைந்தது. என் கையில் தீப்பெட்டி இருந்தது. மாமா அதை வாங்கித் தன் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்ற மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

யார் வெடி போட்டது என்று ரேஞ்சர் கேட்டார்.

"நாந்தான் சார். எங்க பக்கம் பெரியவுக வந்தா போடுறது வழக்கம்" என்றார் மாமா.

ரேஞ்சர் கோபப்படவில்லை. பதித்த குழாயைப் பார்த்தார், கருகிய புல்லைப் பார்த்தார். "நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கீங்க. இப்ப நான் என்னன்னு எழுதுறது?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த வாரம் மிஷின் வந்து பாதையின் குறுக்கே ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிவிட்டுப் போனது.

கூட்டாளிகளில் ஒருவர், ஒன்றாம் வகுப்பிலிருந்து மாமாவோடு படித்தவர், "கல்லு சுமந்தது நாங்களுந்தானலே" என்றார். அதோடு சரி. மூவரும் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் அம்மா என்னை மாமாவோடு விடமாட்டாள் என்று பயம்.

இனி மாமா வரமாட்டார் என்று நினைத்து அந்த வாரம் முழுக்க அழுதேன். ஆனால் ஞாயிறு காலையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். பொழுது சாயும்வரை என்னோடு தாயம் விளையாடினார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். பைக்கை விற்றுவிட்டுப் பஸ்ஸில் என்னை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக்கூடக் கூட்டிப்போனார். ஓடையைக் கேட்டால் ஆத்தா மாமாவையே முழுசாகக் கொடுத்துவிட்டாள் என்று அங்கே விழுந்து கும்பிட்டேன்.

ஒரு ஞாயிறு ஆட்டத்தின் நடுவே தெருவில் பைக்குகள் போகிற சத்தம் கேட்டது. மாமா தாயக்கட்டையைக் கையில் வைத்தபடி, சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க ஆட்டம் மாமா, போடுங்க" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவருக்குப் போக வேறு இடம் இல்லை என்று எனக்குத் தெரியாது. என்னை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.