காடைக் குஞ்சுகளுக்கு நான் விரித்த துணி

கார்மென்ட்ஸில் எனக்கு செக்கிங் வேலை. பொம்மனஹள்ளியில் பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. தைத்து வரும் கோட்டுகளை உள்ளும் புறமும் புரட்டி, தையல் விட்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் லைனில் ஆள் கிடையாது. வாயும் கொஞ்சம் நீளம். சாதாரணமாக வீட்டுக்காரரை "ஏங்க" என்பேன். கோபம் வந்தால் "யோவ்"தான். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தரம் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது பீன்யாவில் லேத் வேலை போய் அவர் வீட்டில் இருந்தார். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், அவ்வளவுதான். பழைய சிநேகிதர் ஒருவர் காடை வளர்க்கிறவர். முப்பது முட்டை கொடுத்தார். இவர் ஒரு தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டி, ஓரமாகக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டைகளை அடுக்கினார். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு கோடு. தினம் மூன்று வேளை பூப்போலத் திருப்பி வைப்பார்.

"முட்டைக்கு ஷிஃப்ட் போட்டு வேலை பாக்கறீங்களே, ஓவர்டைம் உண்டா?" என்று கிண்டல் செய்தேன்.

"சிரிம்மா, சிரி. இது ஒண்ணு நல்லா வந்துச்சுன்னா வீட்டு ஓனரைக் கேட்டு மாடியில கூண்டு போட்டுடலாம். அப்புறம் எவன்கிட்டயும் போய் வேலைக்கு நிக்க வேணாம்" என்றார். வேலை போன பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தது முட்டைகள் பெட்டியில் இருந்த அந்தப் பதினேழு நாள்தான்.

கடைசி மூன்று நாள் மூடியைத் திறக்கவே கூடாது, சூடும் ஈரமும் போய்க் குஞ்சு கெட்டுவிடும் என்று சிநேகிதர் சொல்லியிருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே கீச்சென்று சத்தம் கேட்டதும் இரண்டு தரம் திறந்து பார்த்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது.

பதினான்கு குஞ்சுகள் பொரிந்தன. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. உலர்ந்ததும் விடுவதற்கு ஓர் அட்டைப் பெட்டியில் சாக்கு விரித்து, மேலே பல்பு தொங்கவிட்டு வைத்திருந்தார். எனக்கு அந்தச் சாக்கைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"நேத்துப் பொறந்த உசிரை யாராவது சாக்குல படுக்க வெப்பாங்களா? உங்களுக்கு ஒண்ணுமே தெரியல போங்க" என்று அதை உருவி எறிந்தேன். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் மிஞ்சும் துண்டுத் துணியைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் போடுவது எங்கள் கார்மென்ட்ஸ் பெண்களின் வழக்கம். தலையணை உறை, டிவி மூடி, எல்லாம் அதுதான். கோட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி என்னிடம் நிறைய இருந்தது. வெண்ணெய் மாதிரி இருக்கும். இருப்பதிலேயே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, சுருக்கமில்லாமல் விரித்தேன். ஆசையாகத்தான் விரித்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது அவர் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து குஞ்சுகளுக்குக் கால் நிற்கவில்லை. இரண்டு காலும் இரண்டு பக்கம் விரிந்து, வயிறு தரையில் தேய, நீந்துகிற மாதிரி துடித்தன. மற்றவை அவற்றை மிதித்துக்கொண்டு ஓடின. அவர் பேண்ட்-எய்டை நூல் நூலாக வெட்டி, கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு காலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். லேத் பிடித்த கை அது. அந்தக் கால்களோ தீக்குச்சியைவிட மெல்லிசு. பாட்டில் மூடியில் வெல்லத் தண்ணீர் ஊற்றி, தலைகுப்புற விழுந்து செத்துவிடாமல் இருக்க அதில் கூழாங்கல் போட்டு, ஒவ்வொன்றின் மூக்கையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

உதவியாக ஒரு கை பிடித்திருக்கலாம். நானோ லைனில் செய்வதைப் போல அம்பு ஸ்டிக்கரை எடுத்தேன்.

"யோவ், மூடியைத் தொறக்காதன்னு தலதலையா அடிச்சுக்கிட்டாரே உன் சிநேகிதரு, கேட்டியா நீ? நீ கை வெச்ச எதுய்யா உருப்பட்டிருக்கு? பீன்யாவும் போச்சு, இதுவும் போச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, நான்தான் தொறந்துட்டேன்" என்றார். அடுத்த குஞ்சின் காலைப் பிடித்தார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையை எங்கள் லைன் ஹெல்பர் அக்காவிடம் சொன்னேன். கன்னடக்காரி, ஊரில் காடை வளர்த்தவள். எல்லாம் கேட்டுவிட்டு, கீழே என்ன விரித்தாய் என்றாள். லைனிங் என்றேன்.

"நுண்ணனே பட்டேனா? ஐயோ, காலு ஜாருத்தல்லம்மா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். வழவழப்பான துணியில் கால் வழுக்கும், பிறந்த குஞ்சுக்கு அப்படியே விரிந்து நின்றுவிடும், சாக்குதான் சரி என்றாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். துணியை உருவிக் குப்பையில் திணித்தேன். சாக்கைத் தேடி எடுத்து உதறி விரித்தேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு, "துணி எங்கம்மா?" என்றார்.

"அழுக்காயிடுச்சு, போட்டுட்டேன்."

எதற்கெடுத்தாலும் திறக்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், முதலில் குஞ்சுகள் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். நாலு நாளில் நாலு குஞ்சுகள் போயின. ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மட்டும் எழுந்து நின்றது. மீதி எல்லாம் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் அவருக்கு மனசு விட்டுப்போய்விட்டது. பத்தையும் சிநேகிதரிடமே கொடுத்துவிட்டு, தொம்மலூரில் ஓர் ஆபீசுக்கு செக்யூரிட்டியாகப் போய்ச் சேர்ந்தார். தெர்மாகோல் பெட்டியில் நான் வெங்காயம் போட்டு வைத்தேன்.

நான் சொல்லவே இல்லை. மூன்று வருஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓனர் மகள் ஒரு தட்டு நிறையக் காடை முட்டையோடு வந்தாள். "அண்ணா, உங்ககிட்ட பொரிக்கிற பெட்டி இருக்குல்ல? வெச்சுக் குடுங்களேன்" என்றாள்.

"வேணாம்மா. என் கை ஆகாத கை. வேற யார்கிட்டயாவது குடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவள் படியிறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லைனிங், ஹெல்பர் அக்கா, குப்பையில் திணித்தது, எல்லாம். அவர் யூனிபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார். திட்டுவார், திட்டினால் தேவலை என்று நின்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, மறுபடி வெச்சுப் பாத்திருப்பேனேம்மா" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

நான் வெங்காயத்தைத் தரையில் கொட்டி, பெட்டியைக் கழுவி, வெயிலில் காய வைத்து, பல்பு மாட்டும் ஓட்டையைக்கூடத் துடைத்து வைத்தேன். சாயங்காலம் வந்தவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தரையில் கிடந்த வெங்காயத்தை அள்ளி மறுபடி அதிலேயே போட்டார்.