முகூர்த்தப் பட்டுக்குள் ஒரு கிரிக்கெட் கார்டு

மூன்று வாரம் இருக்கும். காலையில் இட்லித் தட்டின் முன் உட்கார்ந்த நேரம் பார்த்து அக்கா மகள் கோமதியிடமிருந்து போன். "மாமா, கொஞ்சம் வீடு வரைக்கும் வாங்களேன்" என்றாள். குரல் சரியில்லை. பெருமாள்புரத்தில் அவள் வீடும் என் வீடும் நாலு தெரு தள்ளித்தான். இட்லியை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போனால், சாப்பாட்டு மேஜை முன்னால் மாப்பிள்ளை பாலு உட்கார்ந்திருக்கிறார். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போய்ப் பல மாதம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். சூட்கேஸைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேஜையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்த பெட்டி அது, நானே பார்த்திருக்கிறேன். இப்போது புகை பிடித்த மாதிரி மங்கிப்போய், ஓரத்தில் குழி விழுந்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது.

உள்ளே இருந்தது ஒரு கிரிக்கெட் கார்டு.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் சூயிங்கத்தோடு இலவசமாகக் கொடுத்தார்களே, அந்த ஜாதிதான். ஆனால் இது கொஞ்சம் பெரிய இடம். ஒரு ஆட்டக்காரர் முதன்முதலாக ஆட வந்த வருஷத்துக் கார்டு. இதை வெளிநாட்டில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அவர்கள் லென்ஸ் வைத்து மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் நைந்திருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பாலுவின் கார்டுக்கு ஒன்பதரை. போட்ட கையோடு அதைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மார்க்கையும் மேலே ஒட்டி, நிரந்தரமாக மூடிவிடுவார்கள். பசை கிடையாது, ஆணி கிடையாது — ரெண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் மெஷினில் வைத்து ஒன்றாக உருக்கிவிடுகிறார்களாம். பிரித்தால் பெட்டி உடையும். உடைந்தால் மார்க் செல்லாது. ஆக, யாராலும் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சத்தமில்லாமல் வைக்க முடியாது.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு என் கையில் பெட்டியைக் கொடுத்து அவரே விளக்கினார். "நகத்தை வச்சு நெம்பிப் பாருங்க மாமா" என்றார். நெம்பினேன். நகம்தான் போயிற்று. இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. அவர்கள் முகூர்த்தத்துக்கு வீடியோ எடுத்தவர்கூட அத்தனை பெருமையாகத் தன் கேமராவைக் காட்டியதில்லை.

இந்த மாப்பிள்ளையை நாலு இடம் விசாரித்து, தாய்மாமன் என்ற முறையில் முன்னால் நின்று முடித்து வைத்தவன் நான்தான். குடி இல்லை, சிகரெட் இல்லை, சத்தமாகப் பேசக்கூட மாட்டார். கார்டு சேர்ப்பார் என்றார்கள். சேர்த்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தோம்...

வெளிநாடு கிளம்பும்போது பெட்டியைக் கோமதி கையில் கொடுத்து, "உசுரு மாதிரி பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார். எங்கே வைக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் — அதைச் சொல்லவில்லை.

நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு பொருளை உயிர் மாதிரிப் பார்த்துக்கொள் என்றால் என்ன செய்வார்கள்? பீரோவுக்குள் வைப்பார்கள். பீரோவிலும் எங்கே? முகூர்த்தப் பட்டு இருக்கிற தட்டில். கோமதி தன் கல்யாணப் பட்டின் மடிப்புக்குள் அந்தப் பெட்டியை வைத்தாள். வைத்தவளுக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. என்ன இருந்தாலும் உள்ளே இருப்பது காகிதம்தானே, பூச்சி அரித்துவிட்டால்? அந்துருண்டை இருக்கிறதே! பட்டில் நேராகப் பட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்று நாலைந்து உருண்டைகளைத் துணியில் முடிந்து, பெட்டியை ஒட்டி அணைகொடுத்து வைத்தாள். பழசு கரைந்ததும் புதுசு மாற்றியிருக்கிறாள். பீரோ சாவியைத் தாலிக்கொடியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

அந்துருண்டையின் ஆவி அந்த ஜாதிப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. இத்தனை கார்டு சேர்த்த மாப்பிள்ளைக்கும் அன்றைக்குத் தெரியாது. எத்தனையோ கடல் தாண்டி, கூரியர்காரர்கள் தூக்கிப் போட்டும் அசையாத பெட்டி, இரும்புப் பீரோவுக்குள் பட்டுச் சேலை நடுவே பத்திரமாக இருந்து கெட்டுப்போனது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் இந்தப் பத்தியில் சாலைக் குழிகளைப் பற்றி எழுதியிருப்பேன்.

"யாரோ சூடு காட்டித் தொறக்கப் பாத்திருக்காவ மாமா" என்றார் பாலு. சத்தம் போடவில்லை. பெட்டியின் குழிந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோமதி பக்கம் திரும்பி, "ஒன் தம்பி ரெண்டு நாளு இங்கன தங்கிட்டுப் போனான்லா?" என்றார்.

கோமதியின் தம்பி முத்துக்குமார் அம்பாசமுத்திரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒட்டின போனைச் சூடு காட்டிப் பிரிப்பது அவன் தினசரி வேலை. அக்கா தனியாக இருக்கிறாளே என்று ஒரு தடவை வந்து, கேஸ் சிலிண்டரை மாற்றிக் கொடுத்து, ஒழுகின குழாயைச் சரிபண்ணிவிட்டுப் போனவன். அவன் பெயர் அந்த மேஜையில் விழுந்ததும் கோமதி என்னைப் பார்த்தாள். "மாப்ள, பேசுதது என்னன்னு தெரிஞ்சுதான் பேசுதியளா?" என்றேன். அன்று சாயங்காலம் கோமதி ஒரு பையோடு அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு ஒரு விஷயம் கசப்பாக உறைத்தது. ஒரு சாமானுக்குப் பாதுகாப்பு கூடக்கூட, அதைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் நமக்குத் திருடர்களாகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். வாசலில் கேமரா மாட்டின வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தெருவில் ஒருத்தர்கூட ஒழுங்கில்லை என்பார்கள். மாட்டுவதற்கு முந்தின நாள் வரை அதே தெருவில்தான் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினார்கள்.

நாலு நாள் கழித்து பாலு என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கார்டு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பெட்டியின் போட்டோவைப் போட்டிருக்கிறார். பக்கத்தில் அந்துருண்டை வைத்தீர்களா என்று பார்த்தவுடனே ஒருத்தர் கேட்டுவிட்டாராம். பெட்டியை மோந்து பார்த்தால் அதே வாடை. பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. உள்ளே கார்டு அப்படியே இருக்கிறது. திருப்பி அனுப்பினால் கம்பெனியே பார்த்துவிட்டுப் புதுப் பெட்டி போட்டுக் கொடுக்குமாம். ஒன்பதரையும் போகாது.

"அவளை வரச் சொல்லுங்க மாமா. தப்பு யாரு மேலயும் இல்லன்னு ஆயிட்டுல்லா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை எதிரில் வைத்துக்கொண்டு காபி குடிக்க முடியவில்லை. தப்பு யார் மேலேயும் இல்லையாமே! இருந்தாலும் மறுநாள் அம்பாசமுத்திரம் போனேன். தாய்மாமன் ஆயிற்றே, போகாமல் முடியுமா?

கோமதி அழவில்லை. அக்காதான் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் அந்துருண்டை விவரத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கோமதி பொறுமையாகக் கேட்டாள்.

"நான் கெடுத்தேன்னு சொல்லியிருந்தா நான் பொறுத்துக்கிடுவேன் மாமா. கெடுத்தது நான்தான" என்றாள். "தம்பியச் சொன்னாவல்லா. அவிய இங்கன வந்து, அவன் மூஞ்சியப் பாத்து, நான் நெனச்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்தப் பஸ்ஸிலேயே கூட வாரேன்."

பெரிய கோரிக்கையா இது? நகை கேட்டாளா, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டச் சொன்னாளா? முத்துக்குமார் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. இந்தச் சங்கதி எப்படியோ கடை வீதிக்கு வந்துவிட்டது. முந்தின நாள் போனை ரிப்பேருக்குக் கொடுக்க வந்த தெரிந்த ஆள் ஒருவர், "நான் பக்கத்துலயே நிக்கட்டுமா?" என்று கேட்டாராம். சும்மா கேட்டாரோ, கேலிக்குக் கேட்டாரோ... அடுத்தவன் போனைக் கையில் வாங்கிப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

திரும்பி வந்து பாலுவிடம் சொன்னேன். "அதெப்படி மாமா, நான் மாப்பிள்ளை. மச்சினன் முன்னால போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். நம் பக்கத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு இலை போடுவதற்கும் தலைவாழை நுனி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்கும் நூறு சம்பிரதாயம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை தப்புச் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு சம்பிரதாயமும் வைக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள் நாம்தான் வைக்காமல் விட்டோம்.

கார்டை அனுப்பியாயிற்று. பஞ்சு வைத்து, அட்டை வைத்து, அதற்கு மேல் காற்றுக் குமிழ் பேப்பர் சுற்றி, பெட்டியின் நாலு பக்கமும் 'கவனம்' என்று எழுதி, தானே கூரியரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நேற்று போனேன். செல்போனைத் திறந்து, இந்நேரம் அது எந்த ஊர் ஏர்போர்ட்டில் இருக்கிறது என்று காட்டினார்.

கோமதி எந்த ஊரில் இருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும் — இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.