பொலித்தீனின் மறுபக்கம்

லாசால் நகரின் பொதுத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த துண்டில், மிளகாய்க் கன்றுகளுக்குக் குளிர் படாமல் பொலித்தீன் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தேன். வளைத்து நட்ட குழாய்களின் மேல் பொலித்தீனை இழுத்தேன். காற்று அதைப் பறித்தது. இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை.

"இஞ்சாருங்கோ, அந்தப் பக்கம் பிடியுங்கோ!"

வாய் தானாகக் கத்திவிட்டது. என் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் இறந்தபின் அந்தச் சொல் எனக்குத் தேவைப்படவில்லை.

பொலித்தீன் இறுகியது. மறுபக்கத்தில் மங்கலாக ஓர் உருவம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. பொலித்தீனைத் தாழ்த்தி எட்டிப் பார்த்தேன்.

பக்கத்துத் துண்டுக்காரி. பிரெஞ்சு மட்டும் தெரிந்தவள். நன்றியாக "மெர்சி" என்று சொல்லிவிட்டு, அழுவதை மறைக்கக் குனிந்து மண் அணைத்தேன்.

மறுவாரம் அவள் தூரத்திலிருந்தே கையசைத்து, "இஞ்சாருங்கோ!" என்றாள். அவர்களின் பொன்ஜூர் போல, தமிழில் வணக்கம் சொல்வது அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள் போல.

திருத்த மனம் வரவில்லை. நான் கூப்பிட்டால் என் கணவர் சொல்வதுபோலவே, "ஓம், வாறன்" என்றேன்.