கிரகணத்தில் நறுக்கிய வாழைப்பூ

என் தங்கை மகன் கண்ணில் இருந்த வெள்ளையை முதலில் பார்த்தது என் போன்தான். பிள்ளை பிறந்து ஒரு மாதமிருக்கும், பார்க்கலாமென்று தேவதானப்பட்டிக்குப் போயிருந்தேன். தொட்டிலில் கிடந்தவனை ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். கண்மணி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கண்ணிலும் வெள்ளைப் பொட்டு. போனைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். பொட்டு போகவில்லை.

தங்கையின் மாமியார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பூ விழுந்திருக்கு" என்றார். கண்புரையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "கிரகணத்தன்னைக்கு மாசமா இருக்கவ அருவாமனையத் தொடாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? உக்காந்து வாழப்பூவ நறுக்குனா. அந்தப் பூ எங்கன போகும்? பிள்ள கண்ணுல வந்து விழுந்துருச்சு."

போடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துப் படித்த தொழில். துணி கொடுக்க வருகிறவர்களின் பேச்சில்தான் எனக்குப் பொழுது போகும். "கழுத்த எறக்கி வையி, ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம எறக்கு" என்றாள் ஒரு மதினி. அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். வாழைப்பூ கண்பூவான கதையையும் வேறு எங்காவது கேட்டிருந்தால் ரசித்திருப்பேன். ஆனால் என் தங்கை தலையைத் தூக்கவே இல்லை. அவளும் அதை நம்பிவிட்டாள் என்று அவள் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

கடைக்குத் திரும்பிய பிறகு ஊசி ஓடவில்லை. ரவிக்கையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தேன். நூலைக் கோர்த்துக்கொண்டே, கோர்த்தது மறந்து வேறு ஊசியைத் தேடினேன். தங்கை மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், "அம்மா ஒரு பரிகாரம் சொல்லுது மதினி. ஒரு வயசு ஆகட்டும், பாப்பம்" என்றார். வைத்துவிட்டு மறுபடி போட்டேன். நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும் எல்லாருமாக மதுரைக்குப் புறப்பட்டோம். மாமியாரும் வந்தார். தன் பக்க நியாயத்தை டாக்டரிடம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமில்லையா?

கண் டாக்டர் இளவயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் ஆரம்பத்தில் மற்ற உடம்பு மாதிரிதானாம். அதன் செல்லுக்குள்ளும் ஏகப்பட்ட சாமான் இருக்குமாம். கண்ணாடி மாதிரி தெளிய வேண்டுமென்றால் அத்தனையையும் வெட்டிக் கரைத்து வெளியேற்ற வேண்டும். "புரதத்த வெட்டுறதுக்குன்னே சில என்சைம் இருக்கும்மா, கத்தரிக்கோல் மாதிரி. அந்த வெட்டுற வேலையில கோளாறு வந்தா லென்ஸ் வெள்ளையாயிரும்."

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கேட்டீகளா? டாக்டரம்மாவே சொல்லிட்டாக, வெட்டுனதுல வந்த கோளாறுன்னு!"

தங்கை பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

"வெட்டுனதால இல்லம்மா. வெட்டாம விட்டதால" என்றார் டாக்டர்.

"வெட்டாம விட்டாளா? முழுப் பூவையும்ல நறுக்குனா!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அத்தை, ரவிக்கைக்கு மொதல்ல வெள்ளை நூல்ல ஓட்டுத்தையல் போடுவேன்ல? தச்சு முடிச்சதும் அத வெட்டி உருவணும். உருவாட்டி வெள்ளையாத் தெரியும்ல? பிள்ள கண்ணுல அந்த நூல உருவல. அம்புட்டுத்தான்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் டாக்டர். இந்தப் பிள்ளைக்கு ஏன் அப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பரம்பரையாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கிரகணமோ வாழைப்பூவோ நிச்சயமாகக் காரணமில்லை என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஒரு வயசு வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வெளிச்சம் ஒழுங்கா உள்ள போகாட்டி மூளை பாக்கப் பழகாது. அப்புறம் புரைய எடுத்தாலும் பார்வை சரியா வராது."

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"எனக்கும் ஒரு கண்ணு மங்கலாத்தான் இருக்கு" என்றார் மாமியார் திடீரென்று. "நா எந்தக் கிரகணத்துல எத நறுக்குனேன்?"

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "உங்களுக்கும் புரைதான். வயசான கண்ணுல கதை வேற மாதிரி. அடங்கிக் கிடக்க வேண்டிய கத்தரி கிளம்பி, இருக்க வேண்டிய நல்ல புரதத்தையே வெட்டிரும். வெட்டுப்பட்டது கட்டி தட்டி மங்கும். அதுவும் ஒரு காரணம்."

மாமியார் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்படிப் பாத்தா வெட்டுனவ நாந்தேன். அவ வெட்டல" என்றார். சிரிப்பாரென்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மகன் பக்கம் திரும்பி, "ஏலே, என்ன முழிக்கிற? ஆபரேஷனுக்குக் கையெழுத்தப் போடு" என்றார்.

ஆபரேஷன் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக நடந்தது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவை நான் நடந்து நடந்து தேய்த்த தேய்ப்பில், "ஆத்தா, ஒரு எடத்துல உக்காரு, எனக்குத் தல சுத்துது" என்று மாமியாரே கெஞ்சினார்.

பிறகு பிள்ளைக்குக் கனத்த கண்ணாடி வந்தது, மண்டையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டையோடு. பார்வை வருகிறதா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்புகிறான், சத்தத்துக்கா, பார்த்தா? வளையலுக்கும் அதே சந்தேகம். போகும்போதெல்லாம் சோதித்துச் சோதித்து அவனை அழவைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் போனபோது மாமியார் ஒரு வாழைப்பூவைக் கொண்டுவந்து தங்கை முன்னால் வைத்தார். கிரகணத்துக்குப் பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை.

"நறுக்குத்தா. எனக்குத்தேன் கண்ணு தெரியல."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அருவாமனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளை என் மடியில் இருந்தான். அவள் உரித்த சிவப்பு மடல் ஒன்று கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம்கூட இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அவன் கண்கள் அதன் பின்னாலேயே போயின.