எழுத்தில் ஏற்றாதது நடக்கவே இல்லை

"மிகுந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். நம் அன்புக்குரிய (இங்கே பெயரை இடவும்) அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்தார்."

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் பம்புத் தொழிற்சாலையின் பழைய ஊழியர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் சென்ற வாரம் வந்த செய்தி இது. அனுப்பியவர் பெயரை நிரப்ப மறந்துவிட்டார். இறந்தது யாரென்று தெரியாமல் ஒருவரையொருவர் கூப்பிட்டோம். போனை எடுத்தவர் செத்தவர் இல்லை என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஜெயந்திதான் விசாரித்துச் சொன்னாள்: "ரகுநாதன் சார்டி. அவரு எழுதி வச்ச மெசேஜ்லயே அவரை அனுப்பிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

ரகுநாதன் சார் எங்கள் நிறுவனத்தில் அறிவு மேலாண்மைக்கும் செயல்திறன் மதிப்பீட்டுக்கும் தலைவராக இருந்தவர். விளங்கச் சொன்னால், எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கறந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒரு வேலை. எங்களுக்கு மார்க் போடுவது இன்னொரு வேலை. இரங்கல் செய்திக்குக்கூட முன்மாதிரி எழுதி ஏற்றி வைத்திருந்தார். "சும்னே வாயால சொல்லாதம்மா. எழுதி ஏத்தலைன்னா அது நடக்கவே இல்ல" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்வார். அவரை அறிந்த நீங்கள் யாரும் இதைக் கேட்காமல் ஒரு நாளும் வீடு போயிருக்க மாட்டீர்கள்.

ஒருமுறை சோதனைக் கூடத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு மெக்கானிக் சிவப்பாவின் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. சத்தம் கேட்டு வந்த சார் கையைப் பார்க்கவில்லை. "ஏத்தியாச்சா?" என்றார். "இல்ல சார், இப்பதான் ஆச்சு" என்றார் சிவப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்ப இன்னும் ஆகல" என்று சொல்லிவிட்டு சார் தன் அறைக்குப் போனார். நாங்கள் சிவப்பாவை ஆட்டோவில் ஏற்றினோம்.

அவர் யாரையும் அதட்டியதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் மாடாய் உழைத்தாலும் வருடா வருடம் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருக்குக் கடைசி மார்க் போட்டே ஆகவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த விதி. எங்கள் சர்வீஸ் பிரிவில் யாரும் மட்டமில்லை. ஆகவே, ஆயுத பூஜைக்கு யார் பொரி வாங்குவது என்பதைப் போல, கடைசி மார்க்குக்கும் முறை வைத்துக்கொண்டோம். முறை வந்தவருக்கு அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது. மற்றவர்கள் சேர்ந்து பிரியாணி வாங்கித் தருவோம். சாருக்கு இது நன்றாகத் தெரியும். "இந்த வருஷம் யார் முறைப்பா?" என்று அவரே வந்து கேட்பார். பெயரைக் குறித்துக்கொண்டு, ஒரு தட்டு பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

என் முறை வந்த வருடமும் அப்படித்தான் சாப்பிட்டார். "மல்லிகா, டீலருங்க எல்லாம் உன்னைத்தானே கூப்பிடறாங்க? எந்தப் புகாருக்கு என்ன வைத்தியம்னு உன் தலைக்குள்ள இருக்கறது பூரா ஏத்திடு தாயி" என்றார். ஏற்றினேன். பூஜையன்று மேடையில் ஏறவைத்து ஒரு கோப்பையும் கொடுத்தார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது: ஒவ்வொரு பிரிவிலும் கடைசி மார்க் வாங்கியவர் வேலையை விட்டுப் போகவேண்டும். யார் முறை என்று கேட்க வந்தபோதே அவருக்கு இது தெரிந்திருந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை வாயில் பிரியாணியோடு செய்தவர் அவர் ஒருவர்தான்.

பீன்யாவில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கடைசி மார்க்கைத்தான் கேட்டார்கள். அவரிடமே போனேன். "சார், இது முறைக்கு வந்த மார்க்கு, வேலையில குறையில்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும்."

"முறையா? அப்படி ஒண்ணு சிஸ்டத்துல இல்லையேம்மா."

அவர் ஓய்வு பெற்ற பிறகும் போனில் கேட்டேன். அதே பதில்தான். இன்று சந்தாபுராவில் ஒரு குழாய்க் கடையில் பில் போடுகிறேன். இத்தனை வருடமும் நான் ஆசைப்பட்டது அந்த ஒரு வரிக்கு மட்டும்தான். அதையும் எழுதாமல் போய்விட்டார்.

அடுகோடியில் அவர் வீட்டுக்குப் போனேன். மாலை போடுவதற்காகப் போகவில்லை, நிஜமாகவே போய்விட்டாரா என்று பார்க்கத்தான் போனேன். பெயரைச் சொன்னதும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே மல்லிகா? உன்னைப் பத்திப் பேசாத நாளே இல்லம்மா. 'அவளை மாதிரி வேலை செய்யறவங்க ஆபீஸ்லயே கிடையாது, முறைன்னு வந்து மாட்டிக்கிச்சு பாவம்'னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு."

அந்த வரியேதான். சாப்பாட்டு மேஜையில் தினமும் சொல்லியிருக்கிறார்.

"ஆபீஸ்ல எல்லாரையும் நல்லா வச்சிருந்தாருல்ல?" என்று அந்தம்மா கேட்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தங்கமா வச்சிருந்தாரும்மா" என்றேன்.

அவர் உருவாக்கிய அதே கம்ப்யூட்டர் தளத்தில் அவருக்கு நினைவுப் பக்கம் திறந்து, பழைய ஊழியர்களையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே பாடம்தான், அதை அவர் பேரிலேயே செய்து காட்டுகிறேன். அவர் வீட்டில் என்னைப் புகழ்ந்தது வெறும் வாயால் சொன்னது, ஆகவே நடக்கவே இல்லை. அந்தம்மாவிடம் நான் சொன்ன பதிலும் நடக்கவில்லை. இதை அந்தம்மா படிக்கக்கூடுமே என்று யோசித்தேன். யோசித்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் ஏற்றுகிறேன்.