மீனாள் கோழி

சேவுகனுக்கு எதையும் முழுதாகக் கேட்டு முடிக்கிற பொறுமை கிடையாது. காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். கடைசி ஆள் படியில் ஒரு கால் வைத்தாரோ இல்லையோ, விசில் பறக்கும். வீட்டிலும் அதே கதைதான். "நாஞ் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சுப் போறீகளே, அப்படி என்ன முழுகிப்போகுது?" என்பாள் மீனாள்.

மீனாள் அவர் மனைவி. நாச்சியாபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்த்தவள். நாட்டுக்கோழிதான், ஆனால் கண்ட கோழியிலும் குஞ்சு எடுக்க மாட்டாள். சித்திரை வெயிலிலும் முட்டையை நிறுத்தாத கோழி எது என்று பார்த்து, அதன் முட்டையைத்தான் அடைக்கு வைப்பாள். வருசக்கணக்காக இப்படியே பொறுக்கிப் பொறுக்கி, சாம்பலில் புள்ளி போட்ட ஒரு வகையே அவள் கையால் உண்டாகிவிட்டது. ஊரில் அதற்கு மீனாள் கோழி என்றே பேர்.

போன தை மாதம் மீனாள் போய்ச் சேர்ந்தாள். அதுவரை ஒரு பிடி தீவனம் அள்ளிப் போட்டறியாத மனிதர், அதற்கப்புறம் கொட்டகையே கதி என்று கிடந்தார். அவள் சொல்லி முடிக்காமல் விட்டதையெல்லாம் இந்தக் கோழிகளாவது சொல்லாதா என்று இருந்தது அவருக்கு. சிவகங்கையில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜனனி போன் பண்ணினாள்.

"அம்மா கோழியில ஒரு ஈட்டுக் குஞ்சு எடுத்துத் தாங்கப்பா. கூண்டெல்லாம் செஞ்சு வச்சிட்டேன்."

"உனக்கில்லாமயா தாயி? நானே கொண்டாந்து விடுறேன்" என்றார்.

அடை வைக்கப் போகிற சமயத்தில் கோழிகள் ஒவ்வொன்றாக மெலிந்து, கொண்டை வெளுத்துச் செத்தன. கால்நடை டாக்டர் துர்காதேவி வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்தாள். ஈரல் இரண்டு பங்காக வீங்கி, வெள்ளை வெள்ளையாகக் கட்டி.

"இது கட்டி உண்டாக்குற வைரஸ் மாதிரி தெரியுதுய்யா. மருந்து கிடையாது. மனுசருக்கு ஒன்னும் பண்ணாது, ஆனா தாய்க்கிட்ட இருந்து முட்டை வழியா குஞ்சுக்குப் போயிரும். டெஸ்ட் எடுக்காம குஞ்சு பொரிக்க வச்சிராதீக."

ஒவ்வொரு கோழியின் காலிலும் எண் போட்ட வளையம் மாட்டி, இறக்கைக்கு அடியில் நரம்பில் ரத்தம் எடுத்துப் போனாள். முடிவு வந்ததும் போன் செய்தாள். எண்களை வாசித்தாள். "இதுக ரத்தத்துல அந்த வைரஸுக்கு ஆன்டிபாடி இருக்குய்யா. ஆனா இது பாதி டெஸ்ட்டுதான், அடுத்து..."

"புரிஞ்சுபோச்சு டாக்டரம்மா. நான் பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டார். அது மறுபடி அடித்தபோது அவர் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். ஜனனிக்கு நோயில்லாத குஞ்சு கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் ஒன்றும் இல்லை. அந்த எண்களில் ஒன்று, மீனாள் படுக்கையில் கிடந்தபோது கட்டில் காலடியிலேயே சுற்றிய கோணவிரல் கோழி. மற்றதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அது மட்டும் "பா பா" என்றதும் தானாக வந்தது. கழுத்தைத் திருகும்போது பெரிய மனிதர் வாய்விட்டு அழுதார். சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்.

மறுநாள் காலை துர்காதேவி வண்டியிலேயே வந்துவிட்டாள். குழியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"என்னய்யா காரியம் செஞ்சீக? ஆன்டிபாடி இருக்குன்னா, நோய் வந்து அதை எதுத்து நின்ன கோழின்னு அர்த்தம். அதுல பெரும்பாலானது முட்டையில நோயைக் கொடுக்காது. முட்டைக்குள்ளயே நோய் வாங்கிப் பொறந்ததுதான் மோசம். அதோட உடம்புக்கு வைரஸ் எதிரின்னே தெரியாது, எதுக்கவும் எதுக்காது. ரத்தத்துல ஒன்னும் காட்டாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் முட்டை வெள்ளைக்கருவுல ரெண்டாவது டெஸ்ட். அதைச் சொல்ல வந்தேன், நீங்க வச்சிட்டீக."

இந்த முறை அவர் குறுக்கே பேசவில்லை. மிச்சமிருந்த கோழிகளின் முட்டைகளை அவள் கொண்டுபோனாள். முட்டை வைக்கிற கோழி அத்தனையிலும் வைரஸ் இருந்தது. வளர்க்கலாம், முட்டையை வேகவைத்துச் சாப்பிடலாம், குஞ்சு மட்டும் இனி எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜனனி வந்தாள். கொட்டகையில் பாதிக்கு மேல் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். "நோய் வந்திருச்சு தாயி. குஞ்சு எடுக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக" என்றார் சேவுகன். மகள் அழுதாள். பிறகு, அப்பா அழுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் கை போட்டாள்.

"அம்மாவுக்கு வந்ததுக்கும் நாம ஒன்னும் செய்ய முடியல. இதுக்கும் நீங்க என்னப்பா செய்வீக? நோய் கொண்டுபோச்சு, விடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். துர்காதேவி யாரிடமும் சொல்லப் போவதில்லை. மகளின் கை அவ்வளவு ஆறுதலாக இருந்தது. மீனாள் போனதிலிருந்து யாரும் அவரை அப்படித் தொட்டதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை.

"நோய் கொல்லல ஆத்தா. நோயை எதுத்து நின்னதுகள நாந்தான் கழுத்தத் திருகிப் பொதச்சேன். டாக்டரம்மா சொன்னத முழுசாக் கேட்டிருந்தா, உங்கம்மா கோழி இன்னைக்கு உன் கையில இருந்திருக்கும்."

ஜனனி அவர் தோளில் கிடந்த கையை எடுத்துக்கொண்டாள்.